கம்பெனிச் சாக்கு

மரக்காணம்
ஆடி 22, வியாழக்கிழமை

என் செல்ல மகன் அருண்ராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. சிங்கப்பூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கை கால் சுகமாய் இருக்க வேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். இங்கே உன் அப்பா சுகம். நானும், வந்திருக்கிற வியாதியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், சுகம்தான். தினமும் போனில் பேசுகிறோம், இப்போது எதற்கு லெட்டர் என்று நீ சிரிப்பாய். போனில் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நீ அப்பா எங்கே என்று கேட்டால் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லச் சொல்லி எனக்குக் கையால் ஜாடை காட்டுகிறார். கீமோ நேரத்தில் லீவு கிடைக்காமல் நீ வர முடியாமல் போனதில் அவருக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது இல்லை. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் படி. நீ ஒரு தடவை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து அங்கே ஒரு நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும். உன் அப்பா போனுக்கு வராததும் அதனால்தான். ஏன் என்று முழுசாய் எழுதுகிறேன்.

நீ பிறந்த வருஷத்திலிருந்து ரெண்டாவது படிக்கிற வரைக்கும், ஐப்பசியில் மழை பிடித்து உப்பளத்தில் வேலை நின்றதும், உன் அப்பாவும் சேட்டு மாமாவும் கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் செய்கிற கம்பெனிக்கு மூணு மாசம் கூலிக்குப் போவார்கள், தை பிறந்தால் திரும்பப் பாத்திக்கு வந்துவிடுவார்கள். அந்தக் கம்பெனிக்குக் கப்பலில் ஏதோ நார்த்தூள் வரும், அது வந்த வெள்ளைச் சாக்கெல்லாம் கேட் ஓரம் குவிந்து கிடக்குமாம். உப்பளத்து ஜனங்களுக்குச் சாக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா, குவித்த உப்பு மழையில் கரையாமல் மூட வேண்டும், வருஷா வருஷம் கீற்று வாங்கி மாளாது. உன் அப்பா வாரத்துக்கு நாலு அஞ்சு கொண்டு வருவார், மேஸ்திரி கொடுத்தார் என்பார், நானும் மகராசன் நல்லா இருக்கட்டும் என்று வாங்கி வைப்பேன். நானும் சேட்டு மாமா சம்சாரம் அம்சவல்லியும் காற்று வாட்டம் பார்த்து நின்று ஒவ்வொன்றாய் உதறுவோம், கோலமாவு மாதிரி வெள்ளையாய்ப் பறந்து தலை மூஞ்சி எல்லாம் ஒட்டும், நீ கெழவி ஆயிட்டடி என்று ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரிப்போம். அப்புறம் வாய்க்காலில் அலசி, சேர்த்துத் தைத்து, உப்பு மேல் படுதாவாய்ப் போடுவோம். மழைக்குத் தலையில் கொங்காணி போட்டதும் அதுதான். நீ அப்போது கைக்குழந்தை, உப்பளத்துக் கொட்டாயில் தரை ஈரம் ஏறக்கூடாது என்று அந்தச் சாக்கை நாலாய் மடித்து விரித்து அதன்மேல்தான் உன்னைப் படுக்க வைத்தேன். பல் முளைக்கிற சமயத்தில் அதன் ஓரத்தைக் கடித்துக்கொண்டே தூங்குவாய்.

போன கார்த்திகையில் எனக்கு மூச்சு வாங்கியது உனக்குத் தெரியும். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று எடுத்தார்கள், திரும்பக் கோத்துக்கொண்டது, காசநோய் என்று ரெண்டு மாசம் மாத்திரை தின்றேன், கேட்கவில்லை. பாண்டி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துத்தான் நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வில் கேன்சர் என்றார்கள். அந்த டாக்டர், நீங்க ஷீட் கம்பெனியில வேலை செஞ்சீங்களாம்மா என்று கேட்டார். நான் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்று சொன்னேன். வீட்டில் யாராவது என்று திரும்பக் கேட்டபோது உன் அப்பா கதவோரம் நின்றுகொண்டு வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வருகிற பஸ்ஸில், கூனிமேடு தாண்டின பிறகு, அந்த சாக்குல வந்திருக்குமோடி என்று கேட்டார். எனக்கு வந்த கோபம் சாக்குக்காக இல்லை, டாக்டர் அவ்வளவு கேட்டும் மரம் மாதிரி நின்றாரே அதற்குத்தான். மூன்று நாள் அவரோடு பேசவில்லை, சோற்றைப் போட்டுத் தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போய்விடுவேன். என் கோபம்தான் உனக்குத் தெரியுமே. நாலாம் நாள் நானே அவரைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்ல வைத்தேன்.

கீமோ நாலு முடிந்துவிட்டது, இன்னும் ரெண்டு இருக்கிறது. இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அம்சவல்லி தன் வேலையைப் போட்டுவிட்டு என்கூட வருகிறாள், ஊசி ஏறி முடிகிற வரைக்கும் என் காலைப் பிடித்துக்கொண்டு ஊர்க் கதையெல்லாம் சொல்கிறாள், எனக்குக் கேன்சரை விட இவள் பேச்சுத்தான் தாங்க முடியவில்லை என்று நர்சம்மாவிடம் சொன்னேன், வார்டே சிரித்தது. கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்திருக்க மாட்டாள். மூன்றாவது கீமோவுக்கு அப்புறம் நாக்கு செத்துவிட்டது, உப்பளத்துக்காரிக்கே உப்புத் தெரியவில்லை பார். இப்போது குழம்பு கொதிக்கும்போது உன் அப்பாதான் உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்துச் சொல்கிறார். நான் வாந்தி எடுத்தால் பேசின் பிடிக்கிறதும் அவர்தான், துணி துவைக்கிறதும் அவர்தான், இத்தனை வருஷத்தில் ஒரு டம்ளர் கழுவி வைக்காத மனுஷன். டாக்டர் முழுசாய்க் குணமாகும் என்று சொல்லவில்லை, உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் நீர் கோப்பது நின்றிருக்கிறது, கட்டுக்குள் இருக்குதும்மா என்றார். படி ஏறினால் முன்போல மூச்சு வாங்கவில்லை. அந்த மட்டுக்கும் கடவுளுக்கும் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்கிற அந்தப் பிள்ளைகளுக்கும் கோடிப் புண்ணியம்.

அந்த நர்சம்மாதான் பெண்களுக்கு இலவசமாய் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள், போய்க் கேளுங்கள் என்று சொன்னது. திண்டிவனம் கோர்ட்டில் சட்ட உதவிக்கு எழுதிக் கொடுத்தோம், சத்யப்ரியா என்று ஒரு வக்கீலம்மாவைப் போட்டார்கள். உன்னைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும், ஆனால் என்ன பொறுமை. நான் அந்தக் கம்பெனியில் வேலை செய்தவள் இல்லை, அதனால் என் வழக்கு சுளுவு இல்லையாம். சாக்கு அங்கிருந்துதான் வந்தது என்று காட்ட வேண்டும். கம்பெனி வேறு கை மாறி வேறு பெயரில் நடக்கிறது. சேட்டு மாமா அந்தக் காலத்துக் கேட் பாஸை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார், அதை எடுத்துக் கொடுத்தார். உன் அப்பா சொல்லச் சொல்ல வக்கீலம்மா வாக்குமூலம் எழுதிக்கொண்டார். மேஸ்திரி கொடுத்த சாக்கு என்று எழுதி, திரும்ப வாசித்துக் காட்டும்போது உன் அப்பா நடுவில் நிறுத்தினார். இல்லீங்கம்மா, அது பொய்ங்க, யாரும் குடுக்கல, நானே வயித்துல சுத்திக்கினு மேல சட்டைய போட்டுக்கினு கேட்ட தாண்டி வந்தேங்க, வேணும்னா என்னைப் புடிச்சி உள்ள போடுங்க, என் பொண்டாட்டி கேசுல பொய் வேணாங்க என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் அப்போதுதான் தெரியும். அடுத்தவன் பாத்தியில் ஒரு பிடி உப்பு எடுக்காத மனுஷன், இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். பாவமாய் இருந்ததுடா எனக்கு. வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பழைய சாக்குக்கு உங்கள யாரும் புடிக்க வர மாட்டாங்கப்பா, அதுல என்னா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லாம கேட்டோரம் போட்டு வெச்சாங்களே, அவங்களத்தான் கேக்கப் போறோம் என்றார். வழக்குப் போட்டாயிற்று. வருஷக் கணக்கில் இழுக்கும், ஜெயிக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் சாட்சியை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்ய மனுப் போட்டிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றைக்குக் கிளம்பும்போது வக்கீலம்மா, அந்தச் சாக்கை ஊரில் வேறு யார் வீட்டில் புழங்கினார்களோ அவர்களுக்கும் தெரிய வேண்டும் இல்லையா என்று கேட்டார். மறுநாளே உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அவர் சாக்குக் கொடுத்தது மொத்தம் பதினோரு வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்று, கம்பெனி சாக்கு குடுத்தேனே, அது நான் திருடினு வந்தது, அதுல இருந்த தூசியாலதான் தெய்வநாயகிக்கு கேன்சர் வந்துக்குது, நீங்களும் போயி நெஞ்சு போட்டோ எடுத்துக்குங்க என்று சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில், நீ திருடினதுக்கு நாங்க சாவணுமா என்று கேட்டுவிட்டார்களாம். ஆமாம் தப்புதான் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். சேட்டு மாமா தன் லோடு ஆட்டோவில் பெண்களை எல்லாம் ரெண்டு நடையாய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அம்சவல்லிக்கு ஒன்றும் இல்லை, அதைக் கேட்டுத்தான் நான் முதல்முதலாய் அழுதேன். ஒருத்திக்கு மட்டும் ஏதோ தழும்பு மாதிரி தெரிகிறது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற எல்லாருக்கும், கம்பெனியில் வேலை செய்த உன் அப்பாவுக்கும் சேட்டு மாமாவுக்கும்கூட, நெஞ்சு சுத்தம்.

பதினோரு வீட்டு வாசலில் நின்று சொன்ன மனுஷனுக்கு உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. உன் நம்பரை எடுத்துப் பார்ப்பார், திரும்ப போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவனுக்கும் எதுனா இருந்தா நான் என்னாடி பண்ணுவேன் என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார், அதற்கப்புறம் உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். அந்தச் சாக்கில் உன்னைப் படுக்க வைத்தது நான், அதையும் அவர் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறார். டாக்டரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது, சிகரெட்டை மட்டும் அறவே விடச் சொல்லுங்கள் என்றார். நான் பிடிக்கிறதில்லை என்று என்னிடமே கதை விடாதே, போன பொங்கலுக்கு வந்தபோது மாடிக்குப் போய் அரை மணி நேரம் சிக்னல் தேடினாயே, எனக்கு மூக்கு இல்லையா. அப்புறம், நீ வேலை செய்கிற கப்பல் பட்டறையில் பழைய இன்சுலேஷன் பிரிக்கிற வேலை கொடுத்தால் மாஸ்க் இல்லாமல் கை வைக்காதே. வேலைத் துணியை ரூமுக்கு எடுத்து வந்து உதறாதே. இதை உன் ரூமில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் சொல்லு, அவர்களையும் ஒருத்தி பெற்றிருக்கிறாள்.

உன் அப்பா மேல் கோபப்படாதே கண்ணு. எனக்கு இருந்த கோபம் மூன்று நாளில் தீர்ந்துவிட்டது. கிடைத்தது எல்லாம் நல்ல மனுஷர்கள், நல்ல டாக்டர், நல்ல வக்கீல், இந்தக் கஷ்டத்திலும் எனக்கு ஒரு குறை சொல்லத் தோன்றவில்லை. உனக்கும் நல்லபடியாய் வந்துவிட்டால் வேறு எதையும் கேட்க மாட்டேன். நீ நூறு வயசு நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், நல்ல இடத்தில் பெண் அமைய வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு.

மறக்காதே, இந்த லெட்டர் கைக்கு வந்ததும் அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் எக்ஸ்ரே எடு. ரிசல்ட் வந்ததும் எனக்குப் போன் செய்யாதே, உன் அப்பா நம்பருக்குச் செய். எடுக்க மாட்டார், எடுக்கிற வரைக்கும் விடாமல் அடி. அது எப்படி வந்திருந்தாலும் முதலில் அப்பா என்று கூப்பிடு, மீதியை அப்புறம் சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. தெய்வநாயகி