கிளிக்கு எடைச் சீட்டு

2008 ஜூலை 14, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். கேபின் ஃபேன் மறுபடி நின்றுவிட்டது. இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை இந்த எட்டடிக் கண்ணாடிப் பெட்டிக்குள். இரும்பு ஆலை, எடைமேடை. லாரி ஏறும், எண் வரும், சீட்டு அடிப்பேன், லாரி இறங்கும். ஆறு வருஷம்.

ரிலீவர் வராமல் ஆபரேட்டர் நகரக்கூடாது. அது சட்டம். ரிலீவர் காதர் பாய். எட்டுக்கு வர வேண்டியவர் இன்று வந்தது 9.25. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி, அங்கே பஸ் மாற வேண்டும். மாறுகிறேன் பேர்வழி என்று பெரியபாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டாராம். இந்த மாதம் மூன்றாவது தடவை.

"பஸ்ஸு மாறிப்போச்சு தாஸு."

"பத்தொம்பது வருசமா அதே பஸ்ஸு பாய்."

சிரிக்கிறார். எனக்கு எரிகிறது.

அப்புறம் வழக்கமான சடங்கு. பாய் மேடையில் ஏறி நிற்பார், நான் எண் பார்த்து பிரிண்ட் பட்டனை அழுத்துவேன். 80 காட்டினால் மெஷின் சரி. 90 என்றால் அடியில் மண் அடைத்திருக்கிறது. ரம்ஜான் மாதத்தில் 70 காட்டும், அதற்கும் எங்களிடம் கணக்கு உண்டு. ஷிஃப்ட் மாறும்போது மெஷினைச் சோதிக்க ஆலையில் வேறு எடைக்கல் கிடையாது. பாய்தான் கல்.

கீபோர்டு துடைத்தேன். ஜீரோ பட்டன் மேல் ஏதோ கோந்துச் சொட்டு, காய்ந்து கல்லாக. போன வாரம்தான் சுரண்டி எடுத்தேன். மறுபடி எப்படி வந்தது?

போகிற வழியில் கவரைப்பேட்டை பிரௌசிங் சென்டர். வலைப்பூவில் நான் பெயர் போடாமல் வரையும் படக்கதை 'எடைமேடைக் கிளி', 62-ஆவது ஏற்றியாயிற்று. ஜோசியக் கிளி எடைமேடையில் வேலை பார்க்கிறது. லாரி வந்தால் கூண்டிலிருந்து வரும், சீட்டை எடுத்துக் கொடுக்கும், தானே உள்ளே போய்விடும். கதவைச் சாத்தக்கூட ஆள் வேண்டாம். ரிலீவர் ஒரு பூநாரை. சீசனுக்குத்தான் வரும். 62-இல் பூநாரை தப்பு பஸ்ஸில் ஏறிக் கோயிலில் போய் இறங்குகிறது, கையில் யாரோ வேப்பிலை கொடுக்கிறார்கள்.

வாங்க வேண்டியது: கறுப்பு மை, ஃபேனுக்கு கண்டென்சர், செல்விக்குத் தலைவலித் தைலம்.

ஜூலை 15, செவ்வாய்

பாய் 9.10. மூன்று லாரி டிரைவர்கள் ஹாரன் அடித்தே என் காதைச் செவிடாக்கினார்கள்.

62-க்குப் பதினெட்டு கமெண்ட். "பூநாரை பாவம்." "பூநாரைய திட்டாதீங்க." "அந்தக் கிளிக்கு அது மேல எவ்ளோ பாசம்!" பாசமா? பழி தீர்க்க வரைகிறேன், இவர்களுக்குப் பாசம் தெரிகிறதாம். 47-க்கும் இப்படித்தான். லேட்டாக வந்த பூநாரை, கிளி கத்துகிறது, பூநாரை இறக்கைக்கு அடியிலிருந்து பொட்டலம் எடுக்கிறது. வறுத்த இறால். கிளி இறால் தின்னாது, ஆனாலும் தின்கிறது. நான் எழுதியது ஜோக். "சிரிக்க வந்தேன், கண்ணு கலங்கிடுச்சு" என்று ஒருத்தர். (அன்று பாய் நிஜமாகவே இறால் கொண்டுவந்தார். நல்ல இறால்.)

அதைவிடப் பெரிய விஷயம். மெயில்! சென்னையில் ஒரு கார்ட்டூன் படக் கம்பெனி. வியாழன் காலை 11 மணி, ஒரிஜினல் படங்களுடன் நேரில் வரச் சொல்கிறார்கள். 47-ஐப் பார்த்துத்தான் கூப்பிட்டார்களாம். நாலு தடவை படித்தேன். சென்டர்காரர் அடுத்த மணி நேரம் ஓடுது என்றார்.

செல்வியிடம் சொன்னேன். "போயேன்யா. அந்தப் பொட்டியில உக்காந்து உக்காந்து ஊட்லயும் பேசாத ஆளாயிட்ட." உண்மை.

பிரச்சினை: வியாழன் காலை எட்டே கால் வண்டியைப் பிடிக்க வேண்டும், அடுத்த வண்டி 11-க்குப் போய்ச் சேராது. அதற்கு பாய் எட்டு மணிக்கு வர வேண்டும். லீவு கேட்டேன். டைம் ஆபீஸில் சிரித்தார்கள். இருப்பதே ரெண்டு ஆபரேட்டர்.

ஜூலை 16, புதன்

மேகமூட்டம், மழை இல்லை.

யாரோ 62-ஐ பிரிண்ட் எடுத்து கேன்டீன் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். வரைந்தது யார் என்று தெரியாது, வரையப்பட்டது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நாஷ்டா வரிசையில் ஒரே சிரிப்பு. டைம் ஆபீஸ் சார் கையில் டீயோடு நின்று பார்த்தார்.

"ஏம்ப்பா, பாய்க்கு பஸ் போர்டு தெரியலயா? எடை போடுற ஆளு. கண்ணு டெஸ்ட்டு எழுதிடலாமா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நோட்டீஸ் வந்தால் "படி தாஸு, கண்ணாடி ஊட்ல வச்சிட்டேன்" என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது. டிஸ்பிளேவை மூக்கு தொடப் பார்ப்பார். ஜீரோ பட்டன் மேல் கோந்து. விரலால் தடவிக் கண்டுபிடிக்க. அதை நான் அழுக்கு என்று சுரண்டினேன். தப்பு பஸ் என்று படம் போட்டேன். உலகம் பூரா சிரிக்க.

எல்லோரும் போனதும் பேப்பரைக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பாய் இன்று வந்தது 8.50, அதற்கப்புறம்தான் நான் கேன்டீன் போனது. திரும்பிக் கேபினுக்கு வந்தேன். எந்த முகத்தோடு கேட்பது? கேட்டேன்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வருவீங்களா பாய்? சென்னையில ஒரு வேலையா போவணும்."

"இன்னா வேல?"

"படம் வரையற வேல."

"வரேன்" என்றார். வருவாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஜூலை 17, வியாழன்

எல்லாம் முடிந்தது. எழுதிவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

காலை 7.20-க்கு பாய் கேட்டில் நிற்கிறார்! சட்டை கசங்கி. முந்தின நாள் சாயங்காலமே வந்து ஸ்டேஷன் பெஞ்சில் படுத்திருக்கிறார், பஸ்ஸை நம்பாமல். பையை எடு, படங்களை எடு, ஒரே அவசரம். பாய் மேடையில் ஏறி நின்றார். நான் பட்டனை அழுத்தினேன், எண் பார்த்தேன், "சரியா இருக்கு பாய்" என்றேன், ஓடினேன். எட்டே கால் வண்டி. ஜன்னல் சீட். ஆறு வருஷத்தில் இந்த நேரத்துக்கு நான் நகர்ந்ததே இல்லை.

கவரைப்பேட்டை தாண்டியதும் கண் முன்னால் அந்த எண் வந்தது. 0. பாய் நின்றுகொண்டிருக்கும்போது 0. எண்பது அல்லவா காட்டியிருக்க வேண்டும்! பிரிண்ட்டுக்குப் பதில் ஜீரோவை அழுத்தியிருக்கிறேன். பாயோடு சேர்த்து மேடையைப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டேன். அவர் இறங்கினால் மைனஸ் 80. அந்த மைனஸ் கோடு ஒரு எறும்பு நீளம். அவருக்குத் தெரியாது.

என் ஷிஃப்டில் காலி எடை போட்ட ஏழு லாரி உள்ளே லோடு ஏற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் எண்பது கிலோ குறைவாக வெளியே வரும். விசாரணை வரும். கண் டெஸ்ட் வரும். பாயின் பெண்ணுக்குக் காலேஜ் இன்னும் ஒரு வருஷம்.

என் செல்லில் பேலன்ஸ் இல்லை. பொன்னேரியில் இறங்கினேன். ஒரு ரூபாய் போனில் ஆலைக்கு அடித்தேன். எங்கேஜ். மறுபடி எங்கேஜ். ஐந்தாவது தடவையும் எங்கேஜ். பிளாட்பாரத்தில் என் வண்டி கிளம்பிப் போவதைப் பார்த்தேன். எதிர்ப்பக்க வண்டியில் ஏறித் திரும்பினேன்.

ஓடி வந்து கேபின் கதவைத் திறந்தால் பாய் டீ குடிக்கிறார். டிஸ்பிளே 0. மேடை காலி.

"நீ இன்னாடா இங்க?"

சொன்னேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"யோவ். எனக்குக் கண்ணு சரியில்லன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் மேடைய விட்டு எறங்கி வந்ததும், எது இருந்தாலும் இல்லாட்டியும், ஜீரோவ ஒரு அமுக்கு. மூணு வருசமா அப்படித்தான். லாரி வந்தா டிரைவரையே எண்ணப் படிக்கச் சொல்லிடுவேன். இதுக்கா எறங்கி வந்த? பேஜார் புடிச்சவனே!"

ஆப்பரேஷன் செய்துகொள்ளக் கூடாதா என்றேன். லீவு கேட்டால் கண் என்று தெரிந்துவிடும் என்றார். அவர் பெட்டி என் பெட்டியைவிடச் சின்னது.

அப்புறம் குரலை இறக்கி: "பூநாரை தண்ணியில நிக்கும் தாஸு. நீ சிமெண்ட் தரையில நிக்க வச்சிருக்க. கால் சுடாதா அதுக்கு?"

வரைவது நான் என்று இவருக்கு எப்போதோ தெரியும்!

"என் பொண்ணு வாராவாரம் படிச்சிக் காட்றா. இறால் வந்தது பாரு, அத மட்டும் ரெண்டு தபா படிக்கச் சொன்னேன். கோயில் படத்துக்கு ஊட்ல எல்லாம் சிரிச்சோம். வேப்பிலய கையில வச்சிக்கினு முழிக்குதே அந்தப் பறவை!"

அழுதுவிட்டேன். வெளியே ஒருத்தன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். மணி 10.40. கதவைத் திறந்துவிட்டும் தானே திரும்பி வந்த கிளி. அதை வரைந்தது வேறு யாரோவா? நான்தானே.

ஜூலை 18, வெள்ளி

நேற்றே மெயில் எழுதினேன், வராததற்குக் காரணத்தோடு. எண்பது கிலோ, ஜீரோ பட்டன், பொன்னேரி, எல்லாம். பாயின் பெயரும் கண்ணும் மட்டும் இல்லாமல். பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார்கள். இன்று பதில். "சனிக்கிழமை 11 மணிக்கு வாருங்கள். இதையும் வரைந்து எடுத்து வாருங்கள்."

63 வரைந்தாயிற்று. ஜோக் எதுவும் தோன்றவில்லை. கிளி பாதி வழி போய்த் திரும்பி வருகிறது, பூநாரை திட்டுகிறது. பூநாரை காலடியில் ஒரு தொட்டித் தண்ணீர் வைத்தேன். கண் விஷயம் படத்தில் எங்கும் வராது. 62-ஐ வலையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பாய் 7.55. "நாளைக்கும் பெஞ்சுதான்" என்றார். வேண்டாம், எங்கள் வீட்டில் வந்து படுங்கள், செல்வி இருக்கிறாள், பையன்கள் இருக்கிறார்கள், காலையில் ஒரு ஸ்டேஷன்தானே என்றேன். யோசித்தார். சரி என்றார்.

பயமாகத்தான் இருக்கிறது. வேலை கிடைக்காவிட்டால் மறுபடி இதே பெட்டி. கிடைத்தால் பாய்க்கு நோட்டீஸ் படித்துக் காட்டுவது யார்?

ஜூலை 19, சனி

வண்டியில் எழுதுகிறேன், கோணல் மாணல்.

காலையில் செல்வி வைத்துக் கொடுத்த இட்லியோடு பாய் 7.30-க்கே ஆஜர். மேடையில் ஏறினார். 80. சத்தமாகச் சொன்னேன். இறங்கினார். நான் பையை எடுத்தேன். "இரு" என்றார்.

"நீ ஏறி நில்லு."

"எதுக்கு பாய்?"

"ஏறுடா."

ஆறு வருஷத்தில் நான் அந்த மேடையில் நின்றதே இல்லை. பெட்டிக்குள் இருப்பவன் எதற்கு ஏறப்போகிறான்? நின்றேன். இரும்புத் தகடு அதற்குள்ளேயே சுட ஆரம்பித்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாய் குனிந்து ஒவ்வொரு பட்டனாகத் தடவி அழுத்தினார். ரொம்ப நேரம் ஆனது. பிரிண்டர் கரகரத்தது.

சீட்டைக் கையில் கொடுத்தார். வண்டி எண்: கிளி. சரக்கு: படம். எடை: 60. இடம்: சென்னை. ஆங்கில எழுத்தில், ரெண்டு எழுத்து தப்பாக.

"சீட்டு இல்லாம ஒரு லாரிய நாம வெளிய வுட்டிருக்கோமா? பத்திரமா வச்சிக்கோ. இன்னிக்குத் திரும்பி வந்தியானா உள்ள சேர்க்க மாட்டேன்."

சீட்டு மேல் பாக்கெட்டில். தொட்டுப் பார்த்துக்கொண்டே வருகிறேன். ஜீரோ அழுத்தினேனா? இல்லை. பிரிண்டா? ஆமாம். 80 பார்த்தேனா? பார்த்தேன், சத்தமாகச் சொன்னேன். கேபின் பூட்டு? பாய் உள்ளே இருக்கிறார், பூட்டு எதற்கு?

வண்டி நிற்கிறது. பொன்னேரி. போன் பெட்டி காலியாகத்தான் இருக்கிறது.

இறங்கவில்லை.