ஜூலிக்கும் புரட்டாசி விரதம்

கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருக்கும் என் அம்மாவுக்கு,

மகாளய அமாவாசைக்கு வந்து சாப்பிட்டுப் போனீர்களா? கத்தரிக்காய்ப் பொரியலில் உப்புக் கூடிவிட்டது. அன்றைக்குக் காலையிலிருந்தே என் கவனம் அடுப்பில் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்குப் பேச வராது, எழுதினால் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். நோயில் கிடந்த உங்களைப் பார்த்துக்கொள்ள ஒன்பதாம் வகுப்போடு நின்றேனே தவிர, எழுத்து கையை விட்டுப் போய்விடவில்லை.

நீங்கள் பார்க்காத ஒருத்தி இப்போது நம் வீட்டில் இருக்கிறாள். பெயர் ஜூலி. அப்பா வேலை பார்க்கும் இரும்பு வார்க்கிற பவுண்டரியில், மணல் மேட்டில் பிறந்த குட்டி. ஆடி முடியும் சமயம், ஒரு சாக்குப்பைக்குள் உட்காரவைத்து மொபெட்டில் கொண்டுவந்தார்.

"பொட்டைக் குட்டின்னு ஒருத்தரும் எடுக்கலீங்கக்கா. நம்ம புள்ளைக்குத் தொணையா இருக்கட்டும்" என்றார் அத்தையிடம்.

அப்பாவின் அக்கா, பெருந்துறை அத்தை, நீங்கள் போன பிறகு நம் வீட்டோடு வந்துவிட்டார். அடுப்பு, அரிசி, பூஜை எல்லாம் இப்போது அவர் கையில்தான். "ஏன், தொணைக்கு நானிருக்கறது பத்தாதாக்கு?" என்று கேட்டார். அப்பா கைகால் கழுவப் போய்விட்டார்.

அம்மா, நீங்கள் போன பிறகு ஒரு முழு நாளில் நான் பேசிய வார்த்தைகளை ஒரு உள்ளங்கையில் அள்ளிவிடலாம். ஜூலியிடம் மட்டும் பேச வந்தது. பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது, பேசிக்கொண்டே இருப்பேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்பாள். அவளை விட்டுவிட்டால் மறுபடி யாரிடம் பேசுவேன் என்ற பயம்தான் இந்தக் கதை முழுவதும்.

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. எலும்பு வேகவைத்த தண்ணீரில் குழைய வடித்த சோறு, என்றைக்காவது ஒரு துண்டு ஈரல், அதுதான் அவள் சாப்பாடு. தின்று முடித்தவுடன், தூங்கி எழுந்தவுடன் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவேன். விடியற்காலையில் நான் சாணி கரைத்து வாசல் தெளிக்கும்போது அவளையும் கூடவே இறக்கிவிடுவேன். வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூத்திரம் போய்விடுவாள். "சமத்து, சமத்து" என்று தடவிக்கொடுப்பேன். ஆவணி பாதி தாண்டுவதற்குள் அவளே கதவைப் பிறாண்டக் கற்றுக்கொண்டாள். அத்தைகூட, "பரவால்லையே, நம்ம சனத்துல சில பேருக்கு இந்தளவுக்குக்கூட வெவரமில்லை" என்றார்.

புரட்டாசி பிறந்தது. அத்தையின் புரட்டாசி உங்களுக்குத் தெரியும். பாத்திரமெல்லாம் புளி போட்டுத் துலக்கி, வீடு கழுவி, மாதம் முழுக்க முட்டை என்ற சொல்கூட உள்ளே வரக்கூடாது. அன்று காலை ஜூலியின் எலும்புச் சட்டியையும் எடுத்துக் கவிழ்த்துவிட்டார்.

"இந்த ஊட்டுல எல்லாருக்குந்தான் புரட்டாசி. நாய்க்கு மட்டும் தனிச் சட்டமா?"

"குட்டிங்க அத்தை..." என்றேன்.

"குட்டின்னா? பசும்பால் ஊத்தறேன், தயிர்ச்சோறு போடறேன். எந்த நாய்க்குக் கெடைக்கும் இந்த யோகம்? போங்க அம்மணி, போய்ச் சோலியப் பாருங்க."

ஜூலியும் ஆசையாக நக்கிக் குடித்தாள். சாயங்காலம் அவள் வயிறு கடமுடவென்றது. கதவைப் பிறாண்டக்கூட அவளுக்கு அவகாசம் இல்லை. முன்அறையில், உங்கள் படத்துக்கு நேர் கீழே, தண்ணியாகப் போய்விட்டாள். போய்விட்டு, தப்புச் செய்ததுபோலக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள்.

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கழுவிவிட்டார். சாணி கரைத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் கெட்டியாக மெழுகினார். "தீட்டுப் போகோணும்" என்றார் படத்தைப் பார்த்து. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஜூலிக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

ஒயர் கூடையில் அவளை வைத்து, மேலே துண்டு போட்டு மூடிக்கொண்டு, நானே தனியாக மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். நம்புவீர்களா? பஸ்ஸில் சில்லறை கேட்கவே கூசுபவள். அங்கே டாக்டர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியே பதில் சொன்னேன். "பாலை இன்னிக்கே நிறுத்திரு. சாப்பாட்ட ஒரே நாள்ல மாத்துனா எந்தக் குட்டிக்கும் வயிறு தாங்காது. பழசுல புதுசக் கொஞ்சங் கொஞ்சமாக் கலந்து, அளவைக் கூட்டிட்டே போகணும்" என்று சொல்லி ஒரு பொட்டலம் மருந்துத்தூள் கொடுத்தார்.

பழைய எலும்புச்சோற்றுக்கு எங்கே போவது? நம் அடுப்பில் எலும்பு ஏறாதே.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திமா அக்கா குடியிருக்கிறார், உங்களுக்குப் பழக்கம்தான். துணி காயப்போடும்போது அவரே என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். எப்படியோ சொல்லிவிட்டேன். "இதுக்கா அழுவுறே? எங்க ஊட்டு அடுப்புல வேகட்டும். இங்கனயே கொண்டாந்து தின்ன வெச்சுக் கூட்டிட்டுப் போ. வாயில்லாத சீவனுக்கு என்ன மாசம்மா?" என்றார். அங்கே எலும்புத்தண்ணீர்ச் சோற்றில் ஒரு கரண்டி மோர்ச்சோறு கலந்து ஆரம்பித்தேன். மெதுவாக மோர்ச்சோறு கூடியது, எலும்புத்தண்ணீர் குறைந்தது. வயிறு கட்டிவிட்டது. திரும்பக் கதவையும் பிறாண்டினாள்.

ஆனால் தினமும் ஒரு தடவையாவது, அதே இடத்தில், உங்கள் படத்துக்குக் கீழே உட்கார்ந்து மூத்திரம் பெய்தாள். வேறெங்கும் இல்லை. சமையலறையில் இல்லை, கட்டிலடியில் இல்லை. அங்கே மட்டும். வயிறுதான் சரியாகிவிட்டதே, பிறகு ஏன்? நான் அதட்டினேன், அம்மா. முதல்முறையாக அவளை அதட்டினேன். அவள் புரியாமல் வாலை ஆட்டினாள்.

ஒருநாள் அத்தை அவள் வாயருகே குனிந்து மூக்கைச் சுருக்கினார். "என்னமோ கவுச்சி அடிக்குது." அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அத்தையின் தீர்ப்பு வந்தது.

"தம்பி, செத்தவ படத்துக்குக் கீழயே போய்ப் போய் நிக்குதுன்னா அது நல்ல சகுனமில்லை. அமாவாசைக்கு அவளுக்குப் படைக்கறோம். வருசத் திதி முடிஞ்சு வர்ற மொதல் அமாவாசை. படையல் முடியற வரைக்கும் உள்ள அசிங்கம் பண்ணாம இருந்தா இருக்கட்டும். இல்லீன்னா மேட்டுப்பாளையத்துக் காய்க்காரரு டெம்போல ஏத்திருவேன். பாக்குத்தோப்புக் காவலுக்கு ஒரு குட்டி வேணும்னாரு. எஸ்.டி.டி. பூத்துல போயிச் சொல்லியும் போட்டேன்."

"அந்தப் பக்கம் மலையடிவாரமுங்கக்கா. சிறுத்தை எறங்குனா மொதல்ல நாயைத்தான் தூக்கும்" என்றார் அப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப அங்க நாய் வளத்தறவனெல்லாம் மடையனாக்கு?"

அப்பா ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்தார். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அந்தச் சமயத்தில் உங்கள் படத்தைத்தான் பார்த்தேன். நீங்களும் அப்பா மாதிரியே பேசாமல் இருந்தீர்கள்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலை. சாணி கரைத்த வாளியைக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விளக்குமாறு எடுக்கத் திரும்பினேன். துவைக்கிற கல் பக்கம் ஜூலி ஒருநாளும் போனதில்லை. அன்று நேராகப் போனாள், வாளியை முகர்ந்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், மூத்திரம் போனாள். போய்விட்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள். 'சமத்து' என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாணி வாசம் அடிக்கிற இடம்தான் போகவேண்டிய இடம் என்று நான்தானே அவளுக்குப் பழக்கியிருக்கிறேன்? வாசலில் தினமும் அதைத்தானே செய்தேன்? அத்தை ஒவ்வொரு முறை சாணி போட்டுச் சுத்தம் செய்யும்போதும், உங்கள் படத்துக்குக் கீழே அவளுக்கு இன்னொரு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறார். குட்டி கீழ்ப்படியாமல் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தது.

உடனே தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூளும் தண்ணீரும் போட்டு அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அதில் என்ன பயன்? விடிந்தால் அத்தை வீடு முழுக்கச் சாணித் தண்ணீர் தெளிப்பார். படையல் நாள். சொல்லாமல் தீராது. நான் அத்தையிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லையே. இரவு படுத்தபடி சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 'அத்தை' என்ற சொல்லோடு நின்றுபோனது.

காலையில் அத்தை வாளியோடு முன்அறைக்கு வந்தார். கையை உள்ளே விட்டார்.

"அத்தை, சாணி வேண்டாங்க."

"என்ன?"

"மஞ்சத்தண்ணி தெளிங்க அத்தை. சாணி வாசத்துக்குத்தான் அது அங்க போகுதுங்க. வாசல்னு நெனைச்சுக்குதுங்க."

அத்தை கையை வெளியே எடுக்கவில்லை. "ஓ, அம்மணிக்கு வாய் மொளைச்சிருச்சா? நாய் என்ன நெனைக்குதுன்னு உனக்கு எப்புடித் தெரியும்?"

நான் கொல்லையில் பார்த்ததைச் சொன்னேன். திக்கித் திக்கித்தான். ஆனால் கடைசிவரை சொன்னேன். சொன்ன வேகத்தில் மற்றதும் வந்துவிட்டது. "அதுக்கு வயிறு நல்லானது பாத்திமாக்கா ஊட்டு எலும்புத்தண்ணிலீங்க. உங்களுக்குத் தெரியாம..."

"தெரியும். எனக்கென்ன மூக்கில்லையாக்கு? என்ற அடுப்புல வேகலைன்னு பேசாம இருந்தேன்."

பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்தபோது சொம்பில் மஞ்சள்தண்ணீர் இருந்தது. "இதையுந் தெளிச்சுப் பாத்துப்போடறேன். ஆனா அது உள்ள ஒரு சொட்டு உட்டுதோ, அப்பறம் என்ற மேல வருத்தப்படக் கூடாது, ஆமா."

ஜூலியைக் கொல்லையில் கட்டினோம். சமைத்தோம். காக்கைக்கு வைத்தோம், வந்து எடுத்தது. இலை போடும் நேரத்தில் இடியோடு மழை பிடித்துக்கொண்டது. ஜூலி கதறினாள். அப்பா ஒன்றும் கேட்காமல் போய் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

அப்பா சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார். ஜூலி உதறிக்கொண்டு, நேராக, உங்கள் இலையை நோக்கி நடந்தாள். அந்த இடத்துக்கு வந்ததும் நின்று தரையை முகர்ந்தாள். அத்தையின் கூப்பிய கை அப்படியே நின்றது. நான் அவளைப் பிடிக்கக்கூட நகரவில்லை. அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். உங்களிடம்தான் வேண்டிக்கொண்டேன், அம்மா, சாமியிடம்கூட இல்லை.

மஞ்சள் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். ஒரு தும்மல் போட்டாள். பிறகு எங்கள் மூன்று பேரையும் தாண்டி ஓடிப்போய் முன்கதவைப் பிறாண்டினாள்.

கதவுக்குக் கிட்டத்தில் நின்றது அத்தை. சூடம் எரிந்துகொண்டிருக்கும்போதே போய்த் தாழைத் திறந்தார். கொட்டுகிற மழையில் ஜூலி வாசலில் உட்கார்ந்து, போய்விட்டு, நனைந்து உள்ளே வந்தாள். அத்தை தன் முந்தானையால் அவள் முதுகை ஒரு தடவை துடைத்துவிட்டு, "ம், கும்புடுங்க, சூடம் அணையுது" என்றார்.

மழை விட்ட பிறகு டெம்போ வந்தது. வாசலில் நின்று காய்க்காரர் கூப்பிட்டார். "ஏனுங்கம்மா, நாய்க்குட்டி எங்கீங்க?"

"எந்த நாய்க்குட்டி?" என்றார் அத்தை. "அந்தப் பூசணிக்காய எறக்கி வெச்சுப்போட்டுப் போங்க."

காய்க்காரர் என்னைப் பார்த்தார். என் காலுக்குப் பின்னால் நின்ற ஜூலியைப் பார்த்தார். பூசணிக்காயை இறக்கினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்று காலை இடிச்சத்தத்துக்குப் பயந்து சமையலறையில் பெய்துவிட்டாள். அத்தை திட்டிக்கொண்டே மஞ்சள்தண்ணீர் கொண்டுவந்தார். திட்டு ஜூலிக்கா எனக்கா என்று தெரியவில்லை. நான் அதட்டவில்லை. வெளியே தூக்கிக்கொண்டு போய், அவள் பயம் தெளியும்வரை மடியில் வைத்திருந்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அம்மா. ஐப்பசி பிறந்து நம் அடுப்பில் எலும்பு ஏறினாலும் அவள் சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றமாட்டேன். ஒரு கரண்டியில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுவேன். வீட்டில் பேசுவதையும் அப்படியே கூட்டுவேன். இன்று அத்தையிடம் பூசணிக்காயை என்ன செய்யலாம் என்று நானாகவே கேட்டேன்.

உங்கள் மகளும்
ஜூலியின் அக்காவுமான
சாந்தாமணி