தண்ணீர் ஆறும் வரை

இன்று மாலை தொட்டியில் தண்ணீர் நிரப்பிவைத்தேன். காலையில் எங்கள் புற்றுநோய்ப் பிரிவின் கதிர்வீச்சு இயந்திரத்தின் அளவைச் சரிபார்க்க வேண்டும்; நோயாளியின் உடம்புக்குப் பதிலாகத் தண்ணீரில்தான் அளப்போம். விளக்கை அணைத்ததும் சுவரிலிருந்து வரும் லேசரின் சிவப்புக் கோடு தண்ணீருக்குள் இறங்கி மெல்ல ஆடியது. நீ பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பது போலவே இருந்தது.

எனக்குத்தான் பொறுமை என்பதே கிடையாதே. அந்தச் சித்திரை மாதம், முதல் நாளே நிரப்ப மறந்துவிட்டு, மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினேன். கதிரை அளக்கும் கருவியான, சுண்டுவிரல் அளவேயுள்ள சேம்பரை அதில் இறக்கி அளந்தேன். தண்ணீரின் வெப்பநிலையை எழுத வேண்டிய இடத்தில் ஏசி அறையின் வெப்பநிலையை எழுதினேன். தெரியாமல் இல்லை, அவசரம். கணக்கு குறைவாக வந்தது. இயந்திரத்தின் அளவைக் கூட்டிவைக்கக் கையை நீட்டினேன்.

என்னோடு அதே வேலை பார்த்த நீ, விக்கிரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் தோள்பையைக்கூடக் கழற்றாமல் தொட்டியில் விரலை விட்டாய்.

"அடியே, தண்ணி சுடுதுடி! சேம்பருக்குள்ள காத்து விரிஞ்சு வெளிய போயிருக்கும். கம்மியாத்தான் காட்டும். மிஷின் மேல பழியப் போடாத."

"இப்ப என்னடி பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். ஆறட்டும். வா, டீ குடிச்சுட்டு வருவோம்."

நான் கூட்டியிருந்தால், மறுநாள் முதல் அங்கே படுத்த ஒவ்வொருவர் உடம்பிலும் அளவுக்கு மேல் கதிர் பாய்ந்திருக்கும். டீக்கடையில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீயோ வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய். சிமென்ட் லாரிகள் கிளப்பிய வெண்தூசியில் அரியலூர்ச் சாலையே மிதந்தது. அன்று எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று நினைவில்லை.

பிறகு உனக்கே தொண்டையில் புற்று வந்தது. சிகிச்சைக்குத் திருச்சிக்குப் போகச் சொன்னோம். "நீ அளந்த மிஷின்லயே படுத்துக்கிறேன்" என்றாய். அந்த வாரம் இரண்டு நாள் முன்பே தண்ணீர் நிரப்பிவிட்டேன். தலை அசையாமல் பிடிக்கும் முகமூடியை மாட்டுவதற்குமுன், உள்ளே போய்விட்ட குரலில் கேட்டாய்.

"தண்ணி ஆறிடுச்சாடி?"

"ஆறிடுச்சு. பேசாம படு."

நீ இறந்துபோன பிறகு மனசு கேட்கவில்லை. என் கை எங்காவது பிசகியதோ என்று தனியாக மறுபடி அளந்தேன். மூன்று முறை அளந்தேன். எண் இம்மியும் மாறவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தப்பாக இருந்திருந்தால் என்னையாவது திட்டித் தீர்த்திருப்பேன்.

வெப்பமானி தொட்டியின் ஓரத்திலேயே தொங்குகிறது. இருந்தாலும் நாளைக் காலை முதலில் விரலைத்தான் விடுவேன். "ஆறிடுச்சுடி" என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் கதிரைத் திறப்பேன்.