இரண்டு நிமிடம் நிற்கும் பஸ்

டூட்டிக்குப் போய் இன்னும் திரும்பாத என் அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினொரு மாதமாகிறது. பதுளையில் இந்த வாரம் முழுக்க மழை. வீட்டுக்காரம்மா ஒருவழியாகக் கூரைத் தகரத்தை மாற்றிவிட்டார். உங்கள் கட்டிலுக்கு மேலே ஒழுகிய இடத்தில் இப்போது ஒழுகுவதில்லை. அந்தக் கட்டிலில் யாரும் படுப்பதுமில்லை.

உங்கள் ரோட்டைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதமாக அதை மனதிலேயே வைத்திருக்கிறேன். சொன்னால் நீங்கள் திட்ட மாட்டீர்கள். "சரி விடு பாப்பா, தெரிஞ்சா செஞ்ச?" என்பீர்கள். அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள் உங்கள் சாமான்களைக் கொடுத்தேன். செத்தவர் சாமானை அழுக்கோடு கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்வார் இல்லையா? கம்பளியை அலசிக் காயவைத்தேன். சப்பாத்துக்கு பாலிஷ் போட்டேன். உங்கள் கம்ப்யூட்டரைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ததும், அதையும் அப்படித்தான் நினைத்தேன். டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், உள்ளே இருப்பதை எல்லாம் சுத்தமாக எடுத்துவிடச் சொன்னேன்.

"எல்லாமே எடுத்துரவா மிஸ்? வேண்டிய பைல் ஏதாச்சும் இருக்கா?" கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார்.

"அப்பா பஸ் கேம் ஆடுவாருங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

வேறு ஒன்றும் இல்லை. அப்படித்தான் சொன்னேன் அப்பா.

நீங்கள் அதைக் கேம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. முப்பது வருடம் பதுளை - அப்புத்தளை பஸ் ஓட்டியவர் நீங்கள். ஓய்வு பெற்று, ஊரடங்கில் ஒரு பஸ்ஸும் ஓடாத நாட்களில், ஜன்னல் ஓரம் நின்று வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பார்க்க முடியாமல் என் பழைய கம்ப்யூட்டரில் அந்த உலகத்தைத் திறந்து கொடுத்தேன். இணையத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஒன்றாகப் பஸ் ஓட்டும் உலகம். ஓட்ட மட்டுமல்ல, யாரும் தங்கள் ஊர் ரோட்டை அதற்குள் போட்டுக்கொள்ளலாம். ஒரு மாதம் மற்றவர்கள் போட்ட ரோட்டில் ஓட்டினீர்கள். பிறகு, "என்ன ரோடு இது, சட்டியில தோசை ஊத்தின மாதிரி. நான் போடுறேன் பாரு" என்று உட்கார்ந்தவர்தான்.

காலையில் குளித்து, திருநீறு பூசி, சட்டை போட்டுக்கொள்ளாமல் அதன் முன்னால் உட்கார மாட்டீர்கள். "டூட்டிக்குப் போறேன் பாப்பா. டீ மட்டும் அனுப்பு." நாலு வருடம் அந்த டூட்டி நடந்தது. வாரத்தில் ஒரு நாளாவது கேட்பீர்கள்: "ஏறிக்கிறியா, ஒரு ட்ரிப் போயிட்டு வரலாம்?" நான் அலுவலகக் கோப்பிலிருந்து தலை தூக்காமல், "ஞாயித்துக்கெழம வர்றேன்ப்பா" என்பேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். சீட்டு எடுக்கத் தேவையில்லாத பஸ் அது. இரண்டு அடி நகர்ந்து உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் போதும்.

மூன்று மாதத்துக்கு முன் ஜெனிட்டா என்ற பெண் என் அலுவலகத்துக்கு வந்தாள். அப்புத்தளையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவள். நான் காணி உறுதிகளைப் பதியும் இடத்தில் வேலை செய்வதால், ஏதோ நிலப் பத்திர விஷயம் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் கையில் ஒன்றும் இல்லை.

"டிரைவர் ஐயாவோட மக நீங்கதானே அக்கா? டிப்போவுல விசாரிச்சு வந்தேன். நான் ஐயா ரோட்டுல மூணு வருசமா பஸ் ஓட்டுறேன்."

"பஸ்ஸா? நீங்களா?"

"கம்ப்யூட்டர்லதான். நெசத்துல எனக்கு யாரு பஸ் குடுக்கப் போறா? ஐயா மட்டுந்தான் குடுத்தாரு. 'கிளச்சுல கால வச்சுக்கிட்டே எறங்காத புள்ள, கால் என்ன ஆணியா அடிச்சிருக்கு'ன்னு மைக்குல ஏசுவாரு."

அப்போதுதான் அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. உங்கள் குரலை வேறொருத்தி வைத்திருக்கிறாள், அதுவும் நான் கேட்காத வாக்கியத்தோடு.

அவள் கொண்டுவந்த செய்தி, அந்த உலகத்தை நடத்திய கம்பனி அதை மூடப்போகிறது என்பது. ஆட்கள் குறைந்துவிட்டார்களாம். மாதக் கடைசியில் அணைத்துவிடுவார்கள். உங்கள் ரோடும் அதோடு போய்விடும்.

எனக்குக் கடிதம் எழுதத் தெரியும் அப்பா, தினமும் எழுதுவது அதுதானே. என் தகப்பனார் நாலு வருடம் உழைத்துப் போட்ட ரோட்டின் பிரதியைத் தர வேண்டும் என்று கம்பனிக்கு எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த உலகத்துக்குள் போடப்பட்ட எதுவும் கம்பனிக்கே சொந்தம், சேரும்போது உங்கள் தந்தை இதற்குச் சம்மதித்திருக்கிறார் என்று. சம்மதித்தது நீங்கள் அல்ல. கணக்கைத் திறந்து கொடுத்த அன்று அந்தக் கட்டத்தில் சரி போட்டது நான். அடுத்தவர் காணி உறுதியை எழுத்தெழுத்தாக வாசிக்கிறவள், அந்த ஐம்பது பக்கத்தில் ஒரு வரியையும் வாசிக்கவில்லை.

அந்தப் பதிலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. பிறகு ஞாபகம் வந்தது. தோட்டத்தில் அம்மா கொழுந்து எடுத்தவரைக்கும் தொழிலாளர் வரிசையில் அந்த லயத்துக் காம்பரா நம்முடையது. அம்மா போனதும், வேலைக்கு ஆளில்லாத வீடு என்று திருப்பிக் கேட்டார்கள். பின்பக்கம் நீங்கள் கல் அடுக்கி, அடுப்பு வைத்துக் கட்டிய குசினியும், கண்ணாடி போட்ட ஜன்னலும் இருந்ததே. ஆபிசில் போய், "அதக் கட்டினது நான்தாங்க ஐயா" என்றீர்கள். "கட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார்கள். ஜன்னலைத் துடைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தீர்கள்.

ஆனால் இந்தத் தடவை ஜெனிட்டாவும் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு ரோட்டில் ஓட்டும்போது அந்தத் துண்டின் பிரதி ஓட்டுகிறவர் கம்ப்யூட்டரில் தங்கிவிடுமாம். எல்லோரும் அவரவரிடம் தேடினார்கள். ஹாலி-எல வரைக்கும் மட்டக்களப்பில் ஒரு தாதியிடம் இருந்தது. தெமோதரை வளைவுகள் மலேசியாவில் ஒரு லொறிக்காரரிடம். பண்டாரவளை ஏற்றம் மொனராகலையில் ஒரு சிங்கள ஆசிரியரிடம். துண்டு துண்டாகச் சேர்த்து உங்கள் ரோட்டை மறுபடி தைத்துவிட்டார்கள். நீங்கள் பார்த்திருந்தால் தையலில் பிழை பிடித்திருப்பீர்கள்.

இனி அதற்கு ஒரு கம்பனி இல்லை. ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டு, அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துப் புது உலகமாக ஓட்டுகிறார்கள். ஒரு வீட்டில் அணைந்தாலும் இன்னொரு வீட்டில் ஓடும். போட்டவர் பெயரில்தான் ரோடு இருக்கும், போட்டவர் சொல்லாமல் யாரும் மாற்ற மாட்டார்கள். "இனிமே யாரும் சாவியக் கேக்க ஏலாது அக்கா" என்றாள் ஜெனிட்டா. லயத்துச் சாவிக் கதையை நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

போன மாதம் அவளுடைய வகுப்பறையில், முதல் தடவையாக உங்கள் பஸ்ஸில் ஏறினேன். அவள் ஓட்டினாள். டிரைவருக்குப் பின் சீட்டில் என்னை உட்கார வைத்தாள், அதாவது திரையில். மழைத்தண்ணீர் பாறையில் எந்தப் பக்கம் வழியும் என்பதுவரை போட்டிருக்கிறீர்கள். கோயில் வளைவில் பஸ் தானாகவே மெதுவாகிறது, கண்டக்டர் இறங்கி உண்டியலில் காசு போட. எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்கிறது. அவ்வளவையும் பார்த்துக்கொண்டு நான் கையை மடியில் வைத்திருந்தேன்.

நம் தோட்டத்துச் சந்தியில் பஸ் நின்றது. ஏற ஆளில்லை. நின்றுகொண்டே இருந்தது.

"இந்த எடத்துல ஒரு பிழை இருக்கு அக்கா" என்றாள் ஜெனிட்டா. "ரெண்டு நிமிசத்துக்கு என்ன செஞ்சாலும் கியர் விழாது. எத்தனையோ தடவ ஐயாகிட்ட சொன்னோம். 'அது பிழை இல்ல, டைம்டேபிள்'ன்னுட்டாரு. இப்ப நீங்கதான் உரிமைக்காரி. எடுத்துரவா?"

எனக்குத் தெரியாதா அப்பா, அது என்ன டைம்டேபிள் என்று? பள்ளிக்கூடக் காலத்தில் ஒருநாளாவது நான் நேரத்துக்கு வந்திருக்கிறேனா? மேல் முடக்கில் வளையும்போதே இரண்டு ஹாரன் அடிப்பீர்கள், நான் அப்போதுதான் சப்பாத்து போடுவேன். கண்டக்டர் மாமா கத்துவார்: "அண்ணே, இது டிப்போ பஸ்ஸா, இல்ல மகளுக்கு வாங்கின பஸ்ஸா?" நான் மூச்சிரைக்க ஏறினதும் பின்சீட்டில் யாராவது, "மகாராணி வந்தாச்சு, எடுங்க" என்பார்கள். நீங்கள் கண்ணாடியில் என்னைப் பார்க்கவே மாட்டீர்கள். கியர் விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

திரையில் வலது பக்கம் தோட்டத்து ரோடு தெரிந்தது. குறுக்கே ஒரு சங்கிலி. அதற்கு மேல் மூடுபனி.

"உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"யாருக்கும் தெரியாதுக்கா. 'உள்ள வேல நடக்குது, முடிஞ்சதும் மொதல்ல மகளக் கூட்டிட்டுப் போவேன், அதுக்குப் பெறகுதான் ஒங்களுக்குத் தொறப்பேன்'னாரு. அதை ஐயா நெட்டுல ஏத்தவே இல்ல. தன்னோட கம்ப்யூட்டர்லயே வச்சிருந்தாரு." பிறகு உற்சாகமாகத் திரும்பினாள். "அது எங்கக்கா இருக்கு இப்ப?"

நான் சொன்னேன். அவளே பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். கடைக்காரர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்.

எந்தெந்த நாட்டிலோ இருக்கும் முன்பின் தெரியாதவர்கள் உங்கள் ரோட்டைக் கம்பனியிடமிருந்து காப்பாற்றினார்கள். எனக்கென்று நீங்கள் வைத்திருந்த துண்டை நான் கழுவிவிட்டேன். உள்ளே அந்தக் காம்பராவைக் கட்டியிருந்தீர்களா? குசினி இருந்ததா? அம்மாவை எங்கேயாவது நிற்க வைத்திருந்தீர்களா? இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

உங்கள் காக்கிப் பை மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைக் கொடுக்க மனம் வரவில்லை, அதனால் கழுவவுமில்லை. அதற்குள் உங்கள் கொப்பி. முழு ரோட்டையும் கியர் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்: இந்த ஏற்றம் இரண்டாவது கியரில் ஏழு மூச்சு, இந்தப் பாலம் ஒரு இருமல். கடைசிப் பக்கத்தில், "தோட்டத்து ரோடு. தண்ணி பைப்படியிலிருந்து சந்திக்கு எத்தனை படி? பாப்பாவைக் கேட்கணும்" என்று இருக்கிறது.

நீங்கள் கேட்டீர்கள் அப்பா. விடியுமுன் போய் இருட்டி வந்தவர், உங்களுக்கு அந்தப் படிகளைத் தெரியாது. ஓடி இறங்கின எனக்குத்தான் தெரியும். டீ குடித்துக்கொண்டே கேட்டீர்கள். "அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம் இருக்கு" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். கையில் கொப்பி, கால் முழுக்க அட்டை. பாதி வழியில் ஒரு பெண் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு வேணும்?"

"யாரும் வேணாங்க. படி எண்ணுறேன்."

"இந்தப் படியவா? இத எண்ண ஒரு ஆள் இன்னைக்கித்தான் வந்திருக்கு. வாங்க, டீ குடிச்சிட்டு எண்ணுங்க. படி எங்கயும் போவாது."

அவர் இருப்பது நம் காம்பராவில். உங்கள் குசினியில்தான் டீ ஊற்றினார். ஜன்னலில் கண்ணாடி இன்னும் இருக்கிறது, ஒரு மூலை மட்டும் வெடித்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். யார் கட்டியது என்று நான் சொல்லவில்லை. "வெளிச்சமா இருக்குங்க" என்றேன். "இந்த லயத்துலயே இதுதான் வெளிச்சம்" என்றார்.

அறுபத்து மூன்று படி அப்பா. மண் சரிந்து கீழே மூன்று போய்விட்டது. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சனிக்கிழமைகளில் ஜெனிட்டாவிடம் படிக்கப் போகிறேன். இதுவரை நாலு படி போட்டிருக்கிறேன், நாலும் கோணல். நீங்கள் போட்டது இது இல்லை என்று எனக்குத் தெரியும். அது இனி எங்கேயும் கிடைக்காது. ஆனால் அறுபத்து மூன்றையும் போட்டு முடிப்பேன். முடிகிற வரைக்கும் சங்கிலியை யாரும் கழற்ற மாட்டார்கள். ரோடு உங்கள் பெயரில் இருக்கும். அதன் ஒரு பிரதி உங்கள் கட்டில் இருக்கும் மூலையில், நம் வீட்டிலேயே ஓடும்.

அந்த இரண்டு நிமிடத்தை எடுக்க வேண்டாம் என்று ஜெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன். மலேசியாக்காரர் கொஞ்சம் முணுமுணுத்தாராம். முணுமுணுக்கட்டும். பஸ் நிற்கட்டும் அப்பா.

இன்னும் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்
உங்கள் மகள்,
பாப்பா