இடது பக்கத்துப் பட்டை

ஸ்ரீரங்கம், 11-11-1961, சனி இரவு

அண்ணன் லாரிக்குக் கனத்த இரும்பில் புது பம்பர் மாட்டினார். அந்தப் பாரத்தில் முன்பக்கம் தணிந்துவிட்டது. நேற்று வீட்டு வாசலில் நிறுத்தி நான்தான் ரசமட்டம் வைத்து அளந்தேன். இடது பக்கம் இரண்டு அங்குலம் அதிகமாக இறங்கியிருந்தது.

இன்று காலை பாலக்கரைப் பட்டறையில் பாய் சொன்னார்: “ரெண்டு பக்கமும் கனமான ஸ்பிரிங்கா மாத்திடுங்க தம்பி.”

“இடது பக்க ஸ்பிரிங்குல மட்டும் இன்னொரு இரும்புப் பட்டை சேர்த்தா போதும் பாய்” என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பாய் தாளைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார்.

“பி.எஸ்ஸி. சொல்லுது, போடுங்க பாய்” என்று அண்ணன் சிரித்தார்.

மாலையில் லாரி முசிறிக்குப் போய்விட்டது. அங்கே வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மதராஸ் போக வேண்டும்.

லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. அண்ணி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் முழுவதும் இடது பக்கச் சாக்கடைக்கு ஓடியது. தெருவே அந்தப் பக்கம் சரிவு. நேற்று நான் அளந்தது அந்தச் சரிவைத்தான். இனி சமதரையில் லாரி வலது பக்கம் சாய்ந்தே ஓடும். முழுப் பாரத்தோடு இறக்கத்தில் பிரேக் போட்டால்? கணக்கு தெரியும். போட்டுப் பார்க்கக் கை வரவில்லை.

“என்ன தம்பி, அங்கேயே நின்னுட்டீங்க? வண்டி இனிமே சாயாதுல்ல?”

“சாயாது அண்ணி.”

முசிறிக்கு முதல் பஸ் ஐந்து மணிக்கு. சட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். விடிகாலை நாலு மணிக்கே அங்கிருந்து கிளம்பிவிடுவதாக அண்ணன் சொல்லிவிட்டுப் போனார்.