மங்கையின் பிறந்தநாளும் மக்காத குப்பையும்

சின்ன காஞ்சிபுரம்
14.7.2025, திங்கள்

கோபக்காரி சல்மாவுக்கு,

இன்று விடியற்காலை உன் வீட்டுக் குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது நான்தான். ரஷீத் அண்ணன் பார்த்துவிட்டார். "என்னம்மா புவனா, எதுனா தொலைஞ்சி போச்சா?" என்றார். மானம் என்று சொல்ல வாய் வரவில்லை, "கம்மல்" என்றேன். பாவம், அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். நான் ஓடி வந்துவிட்டேன்.

உள்ளே திணித்தது பேப்பர் கப். என் பெண் மங்கையின் பிறந்தநாளில் துளி குப்பை விழாது என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தவள், அதை என் தொட்டியில் எப்படிப் போடுவேன்?

எல்லாம் ஊர்கூடிச் செய்த சதி! "பரிசு வேண்டாம், பிள்ளைக்கு ஒரு டம்ளர் மட்டும் கொடுத்தனுப்புங்கள்" என்று குரூப்பில் கெஞ்சினேன். ஒரு பிள்ளை கையிலும் டம்ளர் இல்லை. மந்தாரை இலையில் கோயில் இட்லி வைத்தால், "கேக் எங்க ஆன்ட்டி?" என்று விசாரணை. பலூனுக்குப் பதிலாக இவர் தறியில் மிஞ்சின பட்டு நூலைத் தோரணமாகக் கட்டினேன்; அதில் சிக்கிய பிள்ளைகளைப் பிரித்தெடுக்கவே பாதி நேரம் போயிற்று. ரோஸ்மில்க் ஊற்ற வழியில்லாமல் கப் வாங்கக் கடைக்கு ஓடினேன்.

எல்லாவற்றுக்கும் மேல் நீ! உன் அயாஸ் ஜிகினாக் காகிதம் சுற்றிய பெட்டியோடு வந்தான். கொள்கைப்படி, "திருப்பி எடுத்துக்கினு போ கண்ணு" என்றேன். அதற்காக இட்லியைக்கூடத் தொடாமல் கிளம்பி, வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்வாயா? ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு! நாலு வீடு தள்ளி இருப்பவளுக்குக் கடிதம் எழுத வைத்துவிட்டாயே. கதவிடுக்கில் சொருகுகிறேன். படித்துத் தொலை.

புவனா

15.7.2025

கொள்கைத் திலகம் புவனேஸ்வரி அவர்களுக்கு,

'அவர்களுக்கு' என்று போட்டதிலேயே என் கோபம் புரிந்திருக்கும். என் வீட்டுக்காரருக்குக் கம்மல் கிடைக்கவில்லை, கப்தான் கிடைத்தது.

அந்தக் காகிதம் பெருநாளுக்கு வந்த பரிசிலிருந்து அயாஸ் கிழியாமல் பிரித்து மடித்து வைத்திருந்தது. அவனே சுற்றினான். அத்தனை பிள்ளைகள் எதிரில் அவனைத் திருப்பி அனுப்பினாய். உன் நாத்தனார் பிள்ளை லோகேஷ் கொண்டுவந்த ரிமோட் காரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாய். அதற்கு பேட்டரிகூட நீதான் போட்டாயாமே! "ஆன்ட்டிக்கு என்னைப் பிடிக்காதாம்மா?" என்று அயாஸ் கேட்டுக்கினே இருக்கிறான். உன் கொள்கையில் இதற்கு பதில் இருக்கிறதா?

பெட்டியில் என்ன என்று நீ கேட்கவே இல்லையே, டீ. எவர்சில்வர் டம்ளர். வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும். இந்தத் தெருவில் ஒருத்தியும் டம்ளர் கொடுத்தனுப்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் உன் பெண் பெயர் வெட்டியிருக்கிறது. மங்கையர்க்கரசி என்று நீட்டி வைத்துவிட்டாய். எழுத்து டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றி, 'சி' அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

இனி எழுதாதே.

உம்முசல்மா

17.7.2025

சல்மா கண்ணு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நேற்று நீ மார்க்கெட் போனபோது வந்தேன். "ஆன்ட்டி பண்ணது தப்புப்பா" என்று அயாஸிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்ப லோகேஷ் காரையும் திருப்பிக் குடுத்துடுங்க" என்றான். நியாயம்தானே? கொடுத்துவிட்டேன். இப்போது என் நாத்தனாரும் என்னை பிளாக் செய்திருக்கிறாள். அடுத்த கடிதம் அவளுக்கு.

பெட்டியை அயாஸே தூக்கி வந்து மங்கை கையில் கொடுத்தான். இன்று சாயங்காலம் பிள்ளைகளுக்கு மறுபடி ரோஸ்மில்க், உன் டம்ளரில். நீ வராவிட்டால் ஊற்ற மாட்டேன்.

உன் புவனா

பி.கு.: பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். பெயர் வெட்டினவர் அக்கறையாக ஒவ்வொரு டம்ளரையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டிருக்கிறார். அத்தனை கவரையும் உன் வீட்டுத் தொட்டியில் திணித்துவிட்டேன். இந்த முறை ரஷீத் அண்ணனே மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.