மாப்பிள்ளையின் இன்டர்வியூவும் என் புத்தகப் படையெடுப்பும்

புரட்டாசி 19, சனி

கொளுத்தும் வெயில். அடியேன் புறப்பாடு என்று தெரிந்திருந்தால் ஊரே யானை அனுப்பியிருக்கும். தெரியாததால் சைக்கிள். வேலை: மாப்பிள்ளைக்குப் புத்தகம் வாங்குதல்.

மாப்பிள்ளை என்றால் தங்கை வள்ளியின் வீட்டுக்காரர் முருகையா. (இனி வெறும் மு. எழுதிக் கை வலிக்கிறது.) இருபத்திரண்டு வருடம் விசைத்தறிக் கூடத்தில் சூப்பர்வைசர். முதலாளி தறிகளை விற்கப் போகிறார். புளியங்குடி ரோட்டில் துண்டு நெய்யும் புதுக் கம்பெனி ஒன்றில் மேனேஜர் வேலைக்கு அடுத்த சனி இன்டர்வியூ. கிடைக்காவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு திருப்பூர். அப்புறம் சாயங்காலம் நான் யாரிடம் போய்ப் புளுகுவது?

புத்தகம் தேர்வதற்கு நான் வகுத்த விதிகள்:
1. தலையில் போட்டால் ஆள் விழ வேண்டும்.
2. அட்டையில் கோட்டுப் போட்டவன் கைகட்டி நிற்க வேண்டும்.
3. மறந்துவிட்டது.

வாங்கியவை இரண்டு. ஒன்று கேள்வி–பதில், தராசில் வைத்தால் ஆட்டுரல் மேலே போகும். மற்றது ஏழே நாளில் நம்மை முதலாளி ஆக்குவதாகச் சத்தியம் செய்கிறது.

மு. புரட்டினார். "மச்சான், உலகத்துலேயே நீளமான ஆறு எதுன்னு கேட்டிருக்கு. துண்டு நெய்ய ஆறு எதுக்கு?"

"துண்டு எதுக்கு வே? குளிச்சுட்டுத் துவட்டத்தான? குளிக்க ஆறு வேணும்லா?"

உள்ளேயிருந்து வள்ளி: "அண்ணே, இன்டர்வியூவுக்கு நீங்களே போயிட்டு வாங்களேன். கம்பெனிக்காரன் ஊரைக் காலி பண்ணிட்டு ஓடிருவான்."

புரட்டாசி 21, திங்கள்

மேகம். மழை மிரட்டிவிட்டுப் போய்விட்டது. இடது செருப்பு வார் அறுந்தது.

தானே புத்தகக் கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார் மு. பாதுகாப்புக்கு நானும். அரை மணி நேரம் நின்றபடியே. ஒவ்வொரு புத்தகத்தையும் நடுவில் திறக்கிறார். இரண்டு பக்கம் வாசிக்கிறார். வைத்துவிடுகிறார். கடைக்கார அண்ணாச்சியின் முகம் பாவு நூல் அறுந்த தறி போல. நான் கேட்டேன்:

"என்ன மாப்பிள்ளை, கத்திரிக்காயா பொறுக்குதிய?"

"நடுப்பக்கத்துல எழுதினவரு தன்னைப் பத்தியே பேசினா வச்சிருதேன். என்னைப் பத்திக் கேட்டா வாங்குதேன்."

கடைசியில் ஒன்று. சாம்பல் அட்டை. கோட்டும் இல்லை, கைகட்டும் இல்லை. அப்பளம் கூட இதைவிடத் தடிமன். உள்ளே: நீங்கள் வேலையில் சரிசெய்த பத்து விஷயங்களை எழுதுங்கள். கீழே வெறும் கோடு. எழுதவேண்டியதை எல்லாம் வாங்குகிறவன் தலையில் கட்டும் இந்தச் சாமர்த்தியம் எனக்கு ஏன் தோன்றவில்லை?

புரட்டாசி 23, புதன்

என் கடையில் தறிக்குள் ஓடும் நாடா இரண்டு விற்றது. தறி உதிரி சாமான் வியாபாரம் இப்போது தறிகளைப் போலவே, ஓடினால் ஓடும். வீட்டில் சுண்டல். பிரியாணிக்கு இன்னும் ஒரு வாரம். புரட்டாசிக்கு மட்டும் நூறு நாள்.

மு. எழுதுகிறார், எழுதுகிறார். இன்று ஏழாவது விஷயம் வரை. எட்டிப் பார்த்தேன்: "மேல்காற்றில் நூல் காய்ந்து அறுந்தது. ஜன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டேன். நின்றது."

இவ்வளவுதானா! புயலையே ஒற்றைக் கையால் பிடித்துச் சாக்கில் போட்டுக் கட்டியதாக எழுதச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். புத்தகத்தை என் கண்ணில் படாமல் வைக்கும்படி வள்ளியிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். கேட்டது.

புரட்டாசி 25, வெள்ளி. சரஸ்வதி பூஜை

(26 அன்று எழுதுவது. டைரியும் பூஜையில் இருந்தது.)

இரண்டு குடும்பத்துக்கும் எங்கள் வீட்டில்தான் பூஜை. மு.வின் வெற்றிக்காகப் புத்தகக் கோபுரம் எழுப்பினேன். அடியில் என் தடியன்கள் இரண்டும். உச்சியில், வள்ளி வீட்டு அலமாரியிலிருந்து யாரிடமும் சொல்லாமல் எடுத்து வந்த சாம்பல் புத்தகம். சந்தனம், குங்குமம். தென்காசி ஜில்லாவிலேயே இப்படி ஒரு கோபுரம் கிடையாது.

விளக்கேற்றி முடிந்ததும் மு. வந்தார். "மச்சான், அந்தப் புத்தகம் வீட்டுல காணும். ஒருக்கா வாசிச்சுக்கிட்டாத் தேவலை."

எல்லாரும் கோபுரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் என்னை.

என் இல்லாள் பகவதி: "தொடப்பிடாது. ஆத்தா கையில குடுத்ததைப் பிடுங்குவியளா? நாளைக்கு எட்டு மணிக்கு மறுபூஜை. அதுக்கப்புறம் எடுத்துக்கிடுங்க."

"பஸ் ஏழு மணிக்கு அக்கா."

நான் சுண்டலில் ஒரு கடலை அளவுக்குச் சுருங்கிவிட்டேன். மிகையில்லை. என் விளையாட்டுக்கு வள்ளி குடும்பம் திருப்பூருக்கா?

மு. கோபுரத்துக்கு முன்னால் வந்தார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சரி. எழுதினது நான்தான?" ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். ஈரச் சாக்கு. எண்ணெய் விடும் முறை. மூன்று, நான்கு, ஐந்து. ஆறில் நின்றுவிட்டார்.

வள்ளி: "பொம்பளையாளுக கக்கூசுல லைட் இல்லைன்னு முதலாளிகிட்டச் சண்டை போட்டுப் போட வச்சியள்லா?"

ஆறு. பிறகு பத்து வரை தடங்கலில்லை. நான் வாயைத் திறக்கவேயில்லை. சுண்டலுக்காகக்கூட.

புரட்டாசி 26, சனி. விஜயதசமி

ஏழு மணி பஸ்ஸில் மு. போயாயிற்று. எட்டுக்கு மறுபூஜை. முடிந்ததும் புத்தகத்தைப் பிரித்து நாலு வரியாவது வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். சாம்பல் புத்தகத்தை மு. பாணியில் நடுவில் திறந்தேன். உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒருவர் யார்?

மு.வின் கையெழுத்து: "என் மச்சான். சாமான் கடை. இருபத்திரண்டு வருசமாக என் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவர். அதிகம் பேச விடக் கூடாது."

உரக்க வாசித்துத் தொலைத்தேன். பகவதி சிரித்த சிரிப்பில் விளக்கு அணையப் பார்த்தது. கற்பூரப் புகை கண்ணில்.

சாயங்காலம் மு. திரும்பினார்.

"ரெண்டு பேரு இருந்தாங்க. ஈரச் சாக்கைப் பத்தியே கால் மணி நேரம் கேட்டாங்க. கடைசியில என் வேலையைப் பத்திச் சொல்ல ஒரு ஆளு நம்பர் கேட்டாங்க. உங்க நம்பரைத்தான் குடுத்தேன். திங்கக்கிழமை பேசுவாங்க. மச்சான்…"

"சொல்லும்."

"உள்ளதைச் சொன்னாப் போதும்."

வள்ளி: "உள்ளதுல பாதியைச் சொல்லுங்கண்ணே. உங்க வாயில வரும்போது அது முழுசாயிரும்."

புரட்டாசி 28, திங்கள்

தூறல். கடையில் காலையிலிருந்தே பகவதி. காவலுக்காம்.

11.10. போன்.

"முருகையாவை எத்தனை வருஷமாத் தெரியும்?"

"இருபத்திரண்டு."

"வேலையில எப்படி?"

நாக்கு நுனியில் புயல், யானை, நாலு வகைச் சேனை. பகவதி டிபன் கேரியரைத் தூக்கிப் பிடித்தாள்.

"தறி நின்னா ஆளைத் திட்ட மாட்டாரு. முதல்ல தறியைப் பார்ப்பாரு."

"வேற?"

"அவ்வளவுதான்."

பிறந்ததிலிருந்து நான் சொல்லாத வார்த்தை. வைத்ததும் ஒரு செம்பு தண்ணீர்.

4.00. வள்ளி போன். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். தினம் பஸ்ஸில் போய் வரலாம். திருப்பூர் இல்லை.

செய்ய வேண்டியவை: செருப்பு வார். தடியன்களில் ஒன்று கடைக்கதவுக்கு முட்டுக் கொடுக்க. மற்றது யோசிக்க வேண்டும். நாளை மு. அடுத்த புத்தகம் வாங்கப் போகிறார், ஆட்களை வைத்து வேலை வாங்குவது பற்றி. நானும் வரலாமாம். கடைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க.

5.30. தெருமுனையில் மு. கையில் லாலா கடை அல்வாப் பொட்டலம். கடையில் நாலு அண்ணாச்சிமார். பகவதி வீட்டுக்குப் போய்விட்டாள். பேனாவை மூடுகிறேன். புயலைச் சாக்கில் கட்டிய கதையைச் சொல்ல இனித் தடையில்லை.